ஆபீஸ் சர்வருக்கு எந்த பேக்கப்? சர்வர் போன மறுநாள் காலையிலிருந்து யோசியுங்கள்

பேக்கப் வாங்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான ஆபீஸ்களில் நடப்பது இதுதான்: மூன்று வெண்டரிடம் கொட்டேஷன் கேட்பார்கள், எத்தனை டிபி, வருடத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள், குறைவாகச் சொன்னவருக்கு ஆர்டர் போய்விடும். சர்வர் படுத்துவிட்ட மறுநாள், பில் போடுகிறவர் எத்தனை மணிக்கு மறுபடி பில் போட ஆரம்பிப்பார் என்ற தகவல் அந்த மூன்று கொட்டேஷனிலும் இருக்காது. நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது அந்த நேரத்தைத்தான். அதனால் அந்த நாளை முதலில் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

பேச வசதியாக ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் ஏற்றுமதி நிறுவனம். ஒரே ஒரு சர்வர், அதில் ஹைப்பர்-வி (ஒரே சர்வருக்குள் பல சர்வர்களை ஓட்ட உதவும் மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர்), அதற்குள் இரண்டு விர்ச்சுவல் மெஷின். ஒன்றில் எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில் ஓடும் ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாவற்றையும் பார்க்கும் சாஃப்ட்வேர்), மற்றொன்றில் டேலியும் எல்லோரும் டிசைன், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பேப்பர் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் ஷேர் ஃபோல்டரும். மொத்தம் ஒன்றரை டிபி. உங்கள் ஆபீஸ் வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

முதலில் இரண்டு கேள்வி, அதுவும் சரியான ஆளிடம்

முதல் கேள்வி: எத்தனை மணி நேரத்து வேலை போனால் மறுபடி டைப் செய்து சமாளிக்க முடியும்? இதைத்தான் ஆர்பிஓ என்கிறார்கள். இரண்டாவது: எத்தனை மணி நேரம் சிஸ்டம் இல்லாமல் ஓட்ட முடியும்? அது ஆர்டிஓ. இந்த இரண்டையும் ஐடி ஆளிடம் கேட்காதீர்கள், அக்கவுண்ட்ஸிலும் டிஸ்பாட்சிலும் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டிலும் பதில் வேறு வேறாக வரும், வரவேண்டும். பர்சேஸ் பில்கள் பேப்பரில் இருக்கின்றன, ஒரு நாள் வேலை போனால் உட்கார்ந்து போட்டுவிடலாம் என்று அக்கவுண்டன்ட் சொல்லுவார். ஆனால் பேக்கிங்கில் பார்கோடு ஸ்கேன் செய்து அட்டைப்பெட்டி லாரி ஏறிப் போயிருந்தால், எந்தப் பெட்டியில் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்பதை யாராலும் நினைவிலிருந்து டைப் செய்ய முடியாது. அங்கே அதிகபட்சம் ஒரு மணி நேர இழப்பு, அதுவே அதிகம். டிசைன் ஃபைலுக்கு முந்தின இரவுக் காப்பி போதும்.

இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பல இடங்களில் பார்க்கிற சிக்கல். டேட்டா பத்திரமாக இருந்தாலும் வேலை நின்றுபோகும். டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியபோது, பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்தது, நோயாளிகளின் விவரம் இருக்கும் இ-ஹாஸ்பிடல் டேட்டாவை அதிலிருந்து மீட்டுப் புது சர்வர்களில் ஏற்றினார்கள். ஆனாலும் பெரும்பாலான சேவைகள் பழைய நிலைக்கு வர சுமார் இரண்டு வாரம் ஆனது, அதுவரை ஓபி சீட்டிலிருந்து எல்லாமே கையால் எழுதித்தான் நடந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அப்படி. எந்த மெஷினில் ஏற்றுவது என்று முன்கூட்டியே யோசிக்காத சின்ன நிறுவனத்தில், பேக்கப் கையில் இருந்தும் டீலர் புது சர்வர் கொண்டுவந்து இறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பதில் கிடைத்ததும் தேவை என்ன என்பது தானாகவே தெளிவாகும். இரவுக் காப்பி போதும் என்றால் எந்த சாஃப்ட்வேரும் செய்யும். ஒரு மணி நேரம் என்றால் எஸ்க்யூஎல் சர்வரில் டிரான்ஸாக்ஷன் லாக் (டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ஃபைல்) பேக்கப் வேண்டும், அதற்கு டேட்டாபேஸின் செட்டிங் ஃபுல் ரெகவரி மாடலில் இருக்க வேண்டும். சிம்பிள் மாடலில் இருந்தால் லாக் பேக்கப்பே எடுக்க முடியாது. மாறாக ஃபுல் மாடலில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லாக் ஃபைல் வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் டிஸ்க்கை நிரப்பி ஈஆர்பியை நிறுத்திவிடும். உங்கள் ஈஆர்பி எந்த மாடலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்றால் மாற்று மெஷின் ஒன்று கைவசம் இருந்தாக வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

எதற்காக பேக்கப் என்று எழுதிப் பாருங்கள்

ரெய்டு (ஒரே டேட்டாவைப் பல டிஸ்க்கில் சேர்த்து வைக்கும் முறை) இருக்கிறதே என்பார்கள். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். யாரோ தெரியாமல் ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அந்த நொடியே அழிந்துவிடும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க்கும் அப்படித்தான், வைரஸ் பூட்டிய ஃபைலையும் ஒழுங்காக மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அதை நம்பி விடக்கூடாது.

தீ, வெள்ளம், திருட்டு இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து, ஒரு காப்பி வேறு கட்டிடத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த சில வாடிக்கையாளர்களின் காப்பியும் அதே வளாகத்தில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போனது, விஷயம் கோர்ட் வரை போய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. இழப்பீடு வரும், டேட்டா வராது. அதனால் கிளவுட் என்று சொன்னதும் நிம்மதியாகிவிடாமல், என் சர்வர் எந்த ஊரில், என் பேக்கப் எந்த ஊரில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கட்டிடம் நன்றாக இருந்தும் வேலை நிற்கும் வகை ஒன்று உண்டு, அதைத் திட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. 2015 டிசம்பர் 2 அன்று இந்து ஆங்கில நாளிதழ் சென்னையில் அச்சாகவில்லை, 1878இல் ஆரம்பித்ததிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. காரணம், மறைமலைநகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் வெள்ளத்தில் போய்ச் சேர முடியவில்லை. உங்கள் சர்வரைத் திரும்ப எழுப்பத் தெரிந்த ஆள் ஒரே ஒருவர், அவர் ஊரில் இல்லை, அல்லது அவர் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? வெளியிலிருந்து ரிமோட்டில் மீட்க முடியுமா என்பதைத் தேர்வு செய்யும்போதே கேட்க வேண்டும்.

3-2-1 என்று ஒரு பழைய கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை மீடியா, ஒன்று வெளியிடத்தில். இன்றைக்கும் அது சரிதான். கூடவே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், யாராலும் அழிக்க முடியாத ஒரு பிரதி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

திருடன் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ரான்சம்வேர் ஆட்கள் உள்ளே நுழைந்த உடனே எல்லாவற்றையும் பூட்டுவதில்லை. சில நாள், சில சமயம் வாரக்கணக்கில் உள்ளேயே சுற்றிப் பார்த்து, அட்மின் பாஸ்வேர்டைப் பிடித்து, பேக்கப் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து, அதை அழித்துவிட்டுத்தான் கடைசியில் பூட்டுவார்கள். பேக்கப் இருந்தால் நீங்கள் பணம் கொடுக்க மாட்டீர்கள் என்று அவர்களுக்கும் தெரியும். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கன்ட்ரோல் பேனலுக்குள் ஒருவர் நுழைந்து பணம் கேட்டார், இவர்கள் பாஸ்வேர்டை மாற்றிக் கணக்கை மீட்கப் பார்த்தபோது அவர் சர்வரோடு ஸ்னாப்ஷாட்டையும் (ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பிரதி) பேக்கப்பையும் சேர்த்து அழித்துக்கொண்டே போனார். எல்லாமே ஒரே கணக்கின் கீழ் இருந்தன. நிறுவனத்தை மூடிவிட்டார்கள்.

அதனால் எந்தப் பொருளை வாங்கினாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பேக்கப் சர்வரோ நாஸோ (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ் பெட்டி) ஆபீஸ் டொமைனில், அதாவது எல்லா மெஷினும் ஒரே அட்மினின் கீழ் வரும் நெட்வொர்க்கில், சேரக்கூடாது, அதற்கென்று தனி யூசர், தனி பாஸ்வேர்டு, ஓடிபி. சர்வரிலிருந்து நாஸ் ஃபோல்டரை டிரைவ் லெட்டர் போட்டு மேப் செய்து அதில் காப்பி போடுகிறீர்கள் என்றால் அது வைரஸுக்குத் திறந்துவைத்த கதவு. நாஸ் தானே வந்து சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளும் முறை இதைவிடப் பாதுகாப்பு. நாஸின் அட்மின் பக்கத்தை இன்டர்நெட்டில் திறந்து வைக்காதீர்கள், 2022இல் டெட்போல்ட் ரான்சம்வேர் க்யூநாப் நாஸ்களைப் பூட்டியது அந்த வழியில்தான்.

அப்புறம் அழிக்க முடியாத பிரதி. கிளவுடில் இதற்கு ஆப்ஜெக்ட் லாக் என்று ஒரு வசதி உண்டு, முப்பது நாள் பூட்டு போட்டால் முப்பது நாளுக்கு அந்தப் பிரதியை அழிக்க முடியாது. அமேசான் எஸ்3இல் கம்ப்ளையன்ஸ் மோடில் போட்டால் கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் முடியாது. அந்த முப்பது நாளை ஏழு நாளாகக் குறைத்து செலவு மிச்சம் பிடிக்க வேண்டாம், திருடன் உள்ளே சுற்றும் காலத்தைவிட உங்கள் பிரதிகள் அதிக நாள் பின்னோக்கிப் போக வேண்டும். கிளவுடே வேண்டாம் என்றால் இரண்டு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி, மற்றதைக் கழற்றி முதலாளி வீட்டில் வையுங்கள். வயர் இல்லாத டிஸ்க்கை எந்த வைரஸாலும் தொட முடியாது. பழைய முறைதான், நான் இன்னும் இதை முழு மனதோடு சொல்வேன்.

கிளவுடுக்கு முன் ஒரு கால்குலேட்டர்

100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 45 ஜிபி. ஒன்றரை டிபியைத் திரும்ப இறக்க 33 மணி நேரம், அதுவும் லைன் ஒரு நொடிகூட அறாமல், வேறு யாரும் இன்டர்நெட்டைத் தொடாமல் இருந்தால். 50 எம்பிபிஎஸ் என்றால் கிட்டத்தட்ட மூன்று நாள். நான்கு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தால் கிளவுட் பேக்கப் மட்டும் என்ற கொட்டேஷனை அங்கேயே ஓரமாக வைத்துவிடலாம். உள்ளூரில் ஒரு காப்பி அவசியம், கிளவுட் என்பது அந்த உள்ளூர்க் காப்பியும் போய்விட்டால் உதவ வருவது. அப்லோடு வேகத்தையும் பாருங்கள், சில பிராட்பேண்ட் பிளான்களில் டவுன்லோடைவிட அது ரொம்பக் குறைவு.

சில கிளவுட் நிறுவனங்கள் ஏற்றும்போது காசு வாங்காது, இறக்கும்போது ஜிபி கணக்கில் வாங்கும். குறைந்தபட்சம் இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று விதி போட்டு, முன்பே அழித்தாலும் அத்தனை நாளுக்கும் பில் போடுகிறவையும் உண்டு. மாத வாடகையோடு, முழுதாக ஒருமுறை திரும்ப எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள்.

கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் என்றால் இன்னொன்று: கணக்குப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும், 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதுதான் விதி. கணக்குகளை எட்டு நிதியாண்டு வைத்திருக்கவும் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டு ஸ்டோரேஜை மட்டும் எடுப்பதற்கு முன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் இடம் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் அஸூருக்கு சென்னையிலும் புனேயிலும்.

சாஃப்ட்வேர், இப்போதுதான்

விண்டோஸ் சர்வரிலேயே இலவசமாக வரும் பேக்கப் மோசமில்லை, ஆனால் அதை நெட்வொர்க் ஷேருக்கு அனுப்பினால் கடைசிப் பிரதியை மட்டும்தான் வைத்திருக்கும், முந்தையதன் மேல் எழுதிவிடும். நேற்று பூட்டிய ஃபைலை இன்று பேக்கப் எடுத்தால் நல்ல பிரதியே மிச்சமிருக்காது. வீம் கம்யூனிட்டி எடிஷன் பத்து மெஷின் வரை இலவசம், சின்ன ஆபீஸுக்கு அதுவே போதுமாக இருக்கலாம், கட்டணப் பதிப்பில் இருக்கும் எவை இதில் இல்லை என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். சினாலஜி நாஸ் வாங்கினால் அதற்கு ஏற்ற மாடல்களில் ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ் தனி லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் வருகிறது. ஹைப்பர்-விக்குப் பதில் ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடுகிறவர்களுக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்தான் இயல்பான தேர்வு. லினக்ஸ் மட்டும் என்றால் ரெஸ்டிக், போர்க் இரண்டுமே நன்றாக உழைக்கின்றன.

எதை எடுத்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அது சரியாகப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். விண்டோஸில் உள்ள விஎஸ்எஸ் என்ற வசதி மூலம் எஸ்க்யூஎல் சர்வரிடம் சொல்லி, டிஸ்க்கில் பாதி எழுதி நிற்பவற்றை முடிக்க வைத்துப் பிறகு எடுக்கும் முறை உண்டு. அது இல்லாமல் எடுத்தால் பிளக்கைப் பிடுங்கிய மாதிரியான பிரதிதான் கிடைக்கும், பெரும்பாலும் எழுந்துவிடும், எழாத நாள் உங்களுக்குத் தேவையான நாளாக இருக்கும். டேலியை எல்லோரும் வெளியே வந்த பிறகு இரவில் எடுங்கள்.

இந்த உதாரண நிறுவனத்துக்கு நான் சொல்வது இது: சர்வர் ரூமில் வைக்காமல் முதல் மாடியில் ஒரு நாஸ், ஈஆர்பிக்கு மணிக்கொரு லாக் பேக்கப், இரண்டு மெஷினுக்கும் இரவில் முழு இமேஜ் (மெஷினையே அப்படியே எடுத்த பிரதி), அதிலிருந்து முப்பது நாள் பூட்டோடு கிளவுடுக்கு ஒரு பிரதி, கழற்றி மாற்றும் இரண்டு டிஸ்க், அப்புறம் புது சர்வர் வாங்கியபோது ஓரமாகப் போட்ட பழைய சர்வரை ரேம் போட்டுத் தயாராக வைப்பது. அது மெதுவாகத்தான் ஓடும், ஆனால் டிஸ்பாட்ச் நிற்காது.

பணம் கட்டும் முன் திரும்ப எடுத்துப் பாருங்கள்

கிட்டத்தட்ட எல்லோருமே டிரையல் தருகிறார்கள். அந்த நாட்களில் பேக்கப் எடுப்பதைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். வேறு ஒரு மெஷினில் முழு ஈஆர்பி சர்வரையும் ஏற்றுங்கள், நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் அதே ஐபியோடு எழுந்து உண்மையான சர்வரோடு மோதும், ஷெட்யூல் செய்த மெயில்கள் வாடிக்கையாளருக்கு இரண்டாம் முறை போகும். அக்கவுண்டன்டைக் கூப்பிட்டு உட்காரவைத்து கடைசி பில் இருக்கிறதா, ஸ்டாக் சரியா, ரிப்போர்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். அதுதான் உங்கள் உண்மையான ஆர்டிஓ. ஒரே ஒரு ஃபைலையும் தனியாக எடுத்துப் பாருங்கள், நிஜத்தில் அதிகம் தேவைப்படுவது அதுதான்.

இப்படிச் செய்யும்போதுதான் வேறு பூதங்களும் வெளியே வரும். பேட்டர்ன் போடும் கேட் (CAD) சாஃப்ட்வேரின் யூஎஸ்பி டாங்கிளை, அதாவது லைசென்ஸ் இருக்கும் சின்ன யூஎஸ்பி சாதனத்தை, கிளவுட் மெஷினில் செருக முடியாது. டேலி லைசென்ஸ் பதிவான ஈமெயில் எப்போதோ வேலையை விட்டுப் போனவருடையது. பேக்கப்பைப் பூட்டிய என்கிரிப்ஷன் சாவி, அந்த பேக்கப்புக்குள்ளேயே இருக்கும் ஒரு எக்ஸெல் ஃபைலில். சாவி தொலைந்தால் வெண்டராலும் திறக்க முடியாது, பேப்பரில் அச்சடித்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

வெண்டரிடம் கேட்க வேண்டியவை: ஞாயிறு இரவு போன் செய்தால் எடுப்பது யார்? ஒப்பந்தம் முடிந்த பிறகு பழைய பிரதிகளைத் திறக்க முடியுமா, எத்தனை நாளுக்கு? டேட்டா இரண்டு மடங்கானால் விலை என்ன? மீட்டுத் தருவது கட்டணத்தில் அடக்கமா, தனியா? கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு

பேக்கப் தோற்றால் மெயில் வரும் என்று நம்பியிருப்பது போதாது. புரோகிராமர்களின் கோடை வைத்துக் காக்கும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தேடிப் போனபோது வழக்கமான பேக்கப் எத்தனையோ நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது, அதைச் சொல்லும் மெயில்களை மெயில் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அதனால் வெற்றிக்கும் மெயில் வரும்படி வையுங்கள், காலையில் அந்த மெயில் வராவிட்டால் போய்ப் பார்ப்பது ஒருவரின் வேலை என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு மீட்பு ஒத்திகை.

ஒரே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்: எந்தச் சர்வரை முதலில் எழுப்புவது, பிரதிகள் எங்கே, சாவி எங்கே, வெண்டர் போன் நம்பர், ஐபி முகவரிகள், எந்த யூசரில் நுழைவது. தாக்குதல் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் அந்தத் தாளில் இருக்கட்டும். புதிதாக ஒருவர் ஐடி வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே அந்தத் தாளை மட்டும் கையில் கொடுத்து, யாரும் பக்கத்தில் உட்காராமல், ஒரு விர்ச்சுவல் மெஷினை மீட்கச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.